மவுண்ட் பேக்கர் பனிச்சறுக்கு (ஸ்கீ) இடத்தில் இந்த வருஷம் பனி எப்படி? சீசன் பாஸ் எடுக்கலாமா?

ரெட்மண்ட்காரன்
அக்டோபர் 19, 2024, இரவு 9:40

மக்களே, ஒரு சந்தேகம். வாஷிங்டன் மாநிலத்துக்கு வந்து மூன்று வருஷம் ஆகிறது. போன குளிர்காலத்தில் ஸ்னோகுவால்மி கணவாயில் ஸ்கீ கற்றுக்கொண்டேன். சரியாகச் சொன்னால், விழக் கற்றுக்கொண்டேன். நான் அங்கே போனதே ஏழெட்டு நாள், அதில் பாதி நாள் மழை. ஜாக்கெட்டைப் பிழிந்தால் ஒரு சொம்புத் தண்ணீர் தேறும்.

இந்த வருஷம் லா நினா, அதாவது பசிபிக் கடல் குளிர்ந்து வானிலையை மாற்றும் நிலை, வரப்போகிறதாம். அமெரிக்க அரசின் கடல், வானிலை அமைப்பான நோவா இந்த மாதம் விட்ட அறிக்கையில், நவம்பருக்குள் தொடங்க 60 சதவீத வாய்ப்பு என்று போட்டிருக்கிறார்கள். ஆபீஸில் ஒருவர், "லா நினா என்றால் கண்ணை மூடிக்கொண்டு பேக்கருக்கு சீசன் பாஸ் எடு, 1998-99இல் அங்கே 28 மீட்டர் பனி கொட்டியது, உலக சாதனை" என்கிறார். கண்ணை மூடும் முன் இங்கே கேட்டுவிடலாம் என்று வந்தேன்.

லா நினா வந்தால் பேக்கரில் பனி நிச்சயமா? அப்புறம், 28 மீட்டர் என்றால் ஒன்பது மாடி உயரம். அதற்குள், ஆட்களை மேலே ஏற்றும் நாற்காலி லிஃப்ட் எப்படி ஓடியது? வீட்டு அம்மணியின் கேள்வி வேறு: "மழையில் நனைய மூன்று மணி நேரம் கார் ஓட்டணுமா, பால்கனியில் நின்றால் போதாதா?"

தோசைக்கல்
அக்டோபர் 19, இரவு 10:02

அம்மணி சொல்வதே சரி. இழையை மூடிவிடலாம்.

நூக்சாக்_வாசி
அக்டோபர் 20, காலை 7:15

தோசைக்கல், மூடாதீர்கள், எனக்கு வருஷத்துக்கு ஒருமுறை கிடைக்கும் தலைப்பு இது. நான் பெல்லிங்ஹாமில் பதினாறு வருஷமாக இருக்கிறேன். பேக்கர் எனக்கு 90 கிலோமீட்டர்.

முதலில் அந்த 28 மீட்டர். 1998-99 பருவத்தில் 1,140 அங்குலம் பெய்தது, கிட்டத்தட்ட 29 மீட்டர். அதற்கு முன் சாதனை, நம் ரெய்னியர் மலையில் உள்ள பாரடைஸ் வைத்திருந்தது, 1971-72இல் 1,122 அங்குலம். அளந்த விதத்தை நோவா சரிபார்த்து, 1999 ஆகஸ்டில்தான் ஒப்புக்கொண்டது.

ஆனால் தம்பி, அது பெய்த கணக்கு. கிடந்த கணக்கு இல்லை. ஒரு பலகையை வைத்து, அதில் விழுந்த புதுப் பனியை அளந்து, துடைத்துவிட்டு மறுபடி வைப்பார்கள். தரையில் கிடக்கும் பனி தன் எடையிலேயே அமுங்கும், நடுவில் உருகும், மழை பட்டால் இறுகும். ஆகவே ஒன்பது மாடி உயரத்துக்கு எந்த நாளும் நிற்கவில்லை. ஆனாலும் அந்த வருஷம் லிஃப்ட் நாற்காலிகள் பனியில் உரசாமல் போக, கீழே கால்வாய் மாதிரி வெட்டிவிட வேண்டியிருந்தது.

நாளுக்கு எத்தனை முறை பலகையைத் துடைக்கிறோம் என்பதிலேயே கணக்கு ஏறி இறங்கும். ஊரில் நெல் அளக்கும்போது படியைக் குலுக்கி அளப்பவருக்கும் குலுக்காமல் அளப்பவருக்கும் நடக்கும் சண்டைதான். 1997 ஜனவரியில் நியூயார்க் மாநிலத்தில் மொண்டேகு என்ற ஊரில் 24 மணி நேரத்தில் 77 அங்குலம் என்று ஒரு சாதனை வந்தது. ஆறு முறை அளந்து கூட்டியிருந்தார்கள், விதிப்படி நாலு முறைதான். தள்ளுபடி செய்துவிட்டார்கள்.

லா நினா பற்றி மாலையில் எழுதுகிறேன். வேலைக்குப் போகணும்.

எண்கணக்கு
அக்டோபர் 20, காலை 11:30

அவர் மாலையில் வருவதற்குள் நான் முந்திக்கொள்கிறேன். லா நினாவை வைத்துப் பாஸ் வாங்குவது ஜாதகம் பார்த்து ஷேர் வாங்குவது மாதிரி.

2015-16இல் வந்தது மிக வலுவான எல் நினோ, லா நினாவுக்கு நேர்மாறாகக் கடல் சூடாகும் நிலை. பாடப்புத்தகப்படி வாஷிங்டன் காய்ந்திருக்க வேண்டும். ஆனால் அந்த ஏப்ரலில் நம் மலைகளில் பனி ஏறக்குறைய வழக்கமான அளவு இருந்தது. 2022-23 தொடர்ந்து மூன்றாவது லா நினா குளிர்காலம். பாடப்புத்தகப்படி கலிபோர்னியா காய வேண்டும். அங்கே மாமத் மலையில் சாதனைப் பனி, வீட்டுக் கூரைகள் இடிந்தன. போன வருஷம் எல் நினோ, அது மட்டும் சொன்ன பேச்சைக் கேட்டது. வாஷிங்டனில் பனி குறைந்து ஏப்ரலில் மாநிலம் முழுக்க வறட்சி அவசரநிலை அறிவித்தார்கள். மூன்றில் ஒன்று. இதற்குப் பேர் கணிப்பா?

நூக்சாக்_வாசி
அக்டோபர் 20, இரவு 8:50

எண்கணக்கு, நீங்கள் எடுத்துக்காட்டிய மூன்றும் உண்மை. ஆனால் மூன்று வருஷத்தைப் பொறுக்கி எடுத்துத் தீர்ப்புச் சொல்வதும் ஜாதகம்தான், கட்டம் மட்டும் வேறு.

லா நினாவில் நடப்பது இது. பசிபிக்கின் நடுவிலும் கிழக்கிலும் நிலநடுக்கோட்டை ஒட்டிய கடல்நீர் வழக்கத்தைவிடக் குளிர்கிறது. அதனால் வானில் உயரே வேகமாக ஓடும் ஜெட் ஸ்ட்ரீம் காற்று அலாஸ்கா வளைகுடாப் பக்கம் ஏறி, அங்கிருந்து சறுக்கி நம் தலைமேல் இறங்குகிறது. வடமேற்கிலிருந்து வரும் புயல் குளிர்ந்த புயல். எல் நினோவில் ஜெட்டின் பெரும்பகுதி தெற்கே கலிபோர்னியாப் பக்கம் ஒதுங்கிவிடும், நமக்கு மிச்சம் கிடைப்பது சூடான காற்று. இது சராசரி. சராசரி கொஞ்சம் சாய்ந்திருக்கிறது, அவ்வளவுதான். சீட்டுக்கட்டில் இரண்டு ராஜா கூடுதலாகச் செருகியது போல. உங்கள் கைக்கு ராஜா வரும் என்று யாரும் எழுதிக் கொடுக்கவில்லை. இந்த வருஷ லா நினா பலவீனமாகத்தான் இருக்கும் என்று வேறு சொல்கிறார்கள். 1998-99இல் வந்தது வலுவானது.

பேக்கருக்கு இன்னொரு கொடுப்பினை, அது உட்கார்ந்திருக்கும் இடம். முதலில், அந்த ஸ்கீ இடம் பேக்கர் மலையிலேயே இல்லை. 3,286 மீட்டர் பேக்கருக்கும் 2,783 மீட்டர் ஷுக்ஸானுக்கும் நடுவில் ஒரு முதுகில் இருக்கிறது. கடலுக்கும் அதற்கும் நடுவே பெரிய தடுப்பு இல்லை. தென்மேற்கிலிருந்து வந்தாலும் வடமேற்கிலிருந்து வந்தாலும் ஈரக்காற்று நேரே வந்து முட்டி மேலேறிக் கொட்டுகிறது. வால்பாறையில் கொட்டிவிட்டுப் பொள்ளாச்சி தாண்டியதும் கை விரிக்கும் மேகத்தைப் பார்த்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. இங்கேயும் அந்தக் கூத்து உண்டு: ஒலிம்பிக் மலைகளின் மேற்கில் ஹோ மழைக்காடு, கிழக்கில் செக்விம் என்ற ஊரில் பாதிப் பாலைவனம்.

அதனால்தான் பேக்கரின் வழக்கமான வருஷமே 650 அங்குலம் அளவுக்கு வருகிறது. இத்தனைக்கும் சின்ன இடம். எட்டு லிஃப்ட், ஒன்றுகூட அதிவேக லிஃப்ட் இல்லை, தங்க ஹோட்டல் இல்லை, செயற்கைப் பனி அடிக்கும் துப்பாக்கி இல்லை, போன் சிக்னலும் இல்லை. வானம் கொடுத்தால் உண்டு.

ரெட்மண்ட்காரன்
அக்டோபர் 20, இரவு 9:25

அண்ணே, அருமை. அப்படியென்றால் 650 அங்குலம் சராசரி, லா நினா சாய்வு வேறு. வாங்கிவிடலாம்தானே?

நூக்சாக்_வாசி
அக்டோபர் 20, இரவு 10:40

நீங்கள் அளவையே பார்க்கிறீர்கள். பேக்கரில் எவ்வளவு விழுகிறது என்பது இரண்டாவது கேள்வி. எந்த உயரத்தில் மழை பனியாகிறது என்பதுதான் முதல் கேள்வி.

கீழ் லாட்ஜ், ஒயிட் சாமன், 3,500 அடி. லிஃப்ட் ஏறி முடியும் உச்சி 5,089 அடி. மொத்த ஆட்டமும் இந்த 1,600 அடிக்குள்தான். கொலராடோவில் லிஃப்ட் தொடங்கும் இடமே இதைவிடப் பல ஆயிரம் அடி உயரம், அங்கே ஜனவரியில் மழையா பனியா என்று யாரும் கேட்பதில்லை. நமக்கு ஒவ்வொரு புயலும் அந்தக் கேள்வியோடுதான் வருகிறது. அந்த உயரத்துக்குப் பேர் ஸ்னோ லெவல். அது 2,500 அடியில் நின்றால் திருவிழா. 4,500 அடியில் நின்றால் கீழ் லிஃப்டுகளில் மழை, உச்சியில் ஈரச் சேறு. 7,000 அடிக்குப் போனால் அம்மணி சொன்ன பால்கனி.

இதற்கு 2014-15 குளிர்காலத்தைவிட நல்ல பாடம் கிடையாது. நான் அந்த வருஷம் பாஸ் வாங்கியவன், வயிற்றெரிச்சலோடு எழுதுகிறேன். மழையளவு வழக்கத்தை ஒட்டியே வந்தது. தண்ணீர் வந்தது, குளிர்தான் வரவில்லை. வடகிழக்குப் பசிபிக்கில் ஒரு பெரிய வெந்நீர்த் திட்டு உட்கார்ந்திருந்தது. அதற்கு 'பிளாப்' என்று பெயர் வைத்தவர் அப்போது நம் மாநிலக் காலநிலையியலாளராக இருந்த நிக் பாண்ட். புயல் எல்லாம் சூடாக வந்தது, மலையில் மழையாக விழுந்தது. 1985இல் தொடங்கிய ஸ்னோபோர்டு பந்தயம் பேங்க்டு ஸ்லாலம், பேக்கரின் தேர்த்திருவிழா. பனி இல்லாமல் 2015இல் அதையே நிறுத்திவிட்டார்கள். மே மாதம் ஆளுநர் வறட்சி அறிவித்தபோது மாநிலத்தின் பனி இருப்பு வழக்கத்தில் 16 சதவீதம். பிப்ரவரியில் ஒரு நாள் போனேன், பார்க்கிங்கில் நின்று ஷுக்ஸானைப் படம் எடுத்துவிட்டு கொண்டுபோன புளியோதரையைச் சாப்பிட்டுவிட்டுத் திரும்பினேன்.

எண்கணக்கு
அக்டோபர் 21, காலை 9:05

சரி, இதை ஒத்துக்கொள்கிறேன். உங்கள் வாதத்துக்கு நானே ஒரு ஆணி அடிக்கிறேன். பெய்த அங்குலத்தைப் பார்ப்பதைவிட, பனிக்குள் இருக்கும் தண்ணீரைப் பாருங்கள். ஸ்னோடெல் நிலையங்களில் தரையில் ஒரு தலையணை மாதிரி வைத்து மேலே விழும் பனியை எடை போடுகிறார்கள். பேக்கருக்குப் பக்கத்தில் வெல்ஸ் கிரீக் நிலையம். பொதுவாக ஒரு அங்குலம் தண்ணீர் பத்து அங்குலம் பனியாகும் என்பார்கள். யூட்டாவில் பதினைந்து ஆகும், மைதா மாதிரி பறக்கும். இங்கே எட்டுக்கும் இறங்கும். நம் காஸ்கேட் மலைத்தொடரின் பனியை 'காஸ்கேட் கான்கிரீட்' என்று கிண்டல் செய்வது அதனால்தான். ஆகவே யூட்டாவின் 500 அங்குலத்தையும் பேக்கரின் 500 அங்குலத்தையும் ஒன்றாக வைத்துப் பேசாதீர்கள்.

தோசைக்கல்
அக்டோபர் 21, காலை 9:20

யூட்டா மைதா, பேக்கர் இட்லி மாவு. புரிந்தது.

பனிப்பூனை
அக்டோபர் 21, மதியம் 1:10

இட்லி மாவுதான், ஆனால் அதுதான் பாறையை மூடுகிறது. மைதா காற்றில் போய்விடும். ஈரப் பனி செங்குத்துச் சரிவிலும் ஒட்டும், அதனால்தான் பேக்கரில் நவம்பர் கடைசியிலேயே ஓரளவு ஓட முடிகிறது. பத்து வருஷமாக ஸ்னோபோர்டு ஓட்டுகிறேன், என் முட்டிக்கு இட்லி மாவு கடினம், என் உயிருக்கு நல்லது.

பர்னபி_அண்ணை
அக்டோபர் 21, மாலை 6:30

எல்லைக்கு இந்தப் பக்கம், கனடாவிலிருந்து ஒரு ஆள். நாங்களும் பேக்கருக்குத்தான் வாறது, ஆபட்ஸ்ஃபோர்டால் இறங்கினால் கிட்ட.

தம்பிமார் ஒன்றை விட்டுவிட்டீர்கள், நவம்பரை. இங்கே ஆகக் கூட மழை கொட்டுற மாதம் அதுதான். ஹவாய்ப் பக்கத்திலிருந்து வாற வளிமண்டல ஆறு, அதாவது வானத்தில் நீளமாய் ஓடுற ஈரக்காற்று, பைனாப்பிள் எக்ஸ்பிரஸ் என்று சொல்லுவினம். அது வந்தால் உறைநிலை ஏழாயிரம், எட்டாயிரம் அடிக்கு ஏறிவிடும். ஒக்டோபரில் விழுந்த பனி இரண்டு நாளில் கழுவுப்பட்டுப் போய்விடும். 2021 நவம்பர் நடுவில் வந்ததை மறக்கேலாது. நூக்சாக் ஆறு உங்கள் பக்கம் கரை உடைச்சு, எல்லை தாண்டி எங்கட சூமாஸ் சமவெளிக்குள் வந்தது. மாடுகளைப் படகு கட்டி இழுத்ததைப் பார்த்தனாங்கள். ஒரே மலையில் விழுற தண்ணி, பனியாய் விழுந்தால் உங்களுக்கு ஸ்கீ, மழையாய் விழுந்தால் எங்களுக்கு வெள்ளம்.

மற்றது, ஃப்ரேசர் பள்ளத்தாக்கு. குளிர்காலத்தில் உள்நாட்டு ஆர்க்டிக் காற்று அந்த ஆற்று வழியால் பீறிக்கொண்டு வரும். அது தரையோடு படுத்திருக்க, மேலால் கடல் ஈரம் வந்தால், பெல்லிங்ஹாம் கடற்கரையிலேயே பனி கொட்டும். அந்த நாளில் மலைக்கு வெளிக்கிடாதையுங்கோ, மலையில் இருக்கிற பனி றோட்டிலேயே இருக்கும்.

நூக்சாக்_வாசி
அக்டோபர் 21, இரவு 9:00

அண்ணை, சரியாகச் சொன்னீர்கள். அந்தக் காற்றை நாங்கள் 'வடகிழக்கான்' என்று வீட்டில் பெயர் வைத்திருக்கிறோம். கதவிடுக்கில் விசிலடிக்கும்.

ரெட்மண்ட்காரன், உங்களுக்குப் பழக்கமான ஸ்னோகுவால்மியோடு ஒப்பிட்டால் இன்னும் புரியும். அது பேக்கரைவிடத் தாழ்வு, அடிவாரம் 3,000 அடி. ஆனால் அது மலையைத் துளைத்த கணவாய். கிழக்கு வாஷிங்டனில் தேங்கும் குளிர்காற்று அந்த இடைவெளி வழியாக மேற்கே வடியும். அதனால் மேலே சூடான புயல் வந்தாலும் கணவாய்க்குள் கொஞ்ச நேரம் பனி தாக்குப்பிடிக்கும், இல்லையென்றால் உறைமழை. பேக்கருக்கு அந்த அளவுக்குக் கிழக்குக் குளிர் வராது. சூடு வந்தால் உடனே மழை, குளிர் வந்தால் உடனே பனி. ஒளிவுமறைவு இல்லாத மலை.

ரெட்மண்ட்காரன்
நவம்பர் 23, இரவு 8:15

எல்லோருக்கும் நன்றி, தாமதத்துக்கு மன்னிக்கவும். செவ்வாய் இரவு அடித்த பாம் சைக்ளோனில் (சட்டென்று வலுக்கும் புயல்) எங்கள் பக்கம் மரங்கள் சாய்ந்து மூன்று நாள் கரண்ட் இல்லை. கேம்பிங் அடுப்பில் ரவா உப்புமா. நூக்சாக் அண்ணே, ஒரு விஷயம் கவனித்தேன். புயல் கடலில், வான்கூவர் தீவுப் பக்கம். எங்கள் வீட்டில் மரம் சாய்ந்தது கிழக்கிலிருந்து அடித்த காற்றில். நீங்கள் சொன்ன கணவாய்க் காற்றா இது?

நூக்சாக்_வாசி
நவம்பர் 23, இரவு 9:40

அதேதான். கடலில் இருந்த அந்தத் தாழ்வின் மையத்தில் அழுத்தம் 950 மில்லிபாருக்கும் கீழே. மலைக்குக் கிழக்கே இருந்த காற்றை உறிஞ்சி இழுத்தது. இடைவெளி கிடைத்த இடத்திலெல்லாம் பாய்ந்து உங்கள் பக்கம் இறங்கியது. பாஸ் என்ன ஆச்சு?

ரெட்மண்ட்காரன்
நவம்பர் 23, இரவு 9:52

வாங்கவில்லை. அஞ்சாறு நாள் டிக்கெட் எடுத்துப் போகலாம் என்று முடிவு. ஆனால் எந்த நாள்? போன வாரம் போனில் ஒரு வானிலை ஆப் 'பேக்கர், 16 அங்குலம்' என்றது, அடுத்த நாள் '2 அங்குலம்' என்றது.

பனிப்பூனை
நவம்பர் 24, காலை 8:30

தம்பி, ஆப்பை முதலில் நீக்குங்கள். நிறைய ஆப்கள் மலையைச் சமன்செய்த ஒரு கட்டத்தின் சராசரி உயரத்தை எடுத்துக்கொள்கின்றன. இரண்டாயிரம் அடிக்கான பதிலை ஐயாயிரம் அடிக்கு ஒட்டுகின்றன. நான் செய்வது: வியாழன் இரவு தேசிய வானிலை சேவைத் தளத்தில் வரைபடத்தில் ஸ்கீ இடத்தின் மேலேயே சொடுக்கி, அது காட்டும் உயரம் நாலாயிரம் அடியை ஒட்டி இருக்கிறதா என்று பார்ப்பேன். பிறகு வடமேற்குப் பனிச்சரிவு மையத்தின் மலை முன்னறிவிப்பில் ஸ்னோ லெவல் வரி. உறைநிலை உயரம் என்று போட்டிருந்தால் அதிலிருந்து சுமார் ஆயிரம் அடி கழியுங்கள், விழும் பனி உருகி முடிய அவ்வளவு தூரம் பிடிக்கும். வெள்ளி இரவு ஸ்கீ இடத்தில் அதே மையம் வைத்திருக்கும் ஹெதர் மெடோஸ் கருவியில் வெப்பநிலை மணிக்கு மணி இறங்குகிறதா என்று பார்த்துவிட்டுத் தூங்குவேன்.

மழையில் தொடங்கிக் குளிரில் முடியும் புயல் நல்லது. கீழே ஈரம், மேலே லேசு, ஒட்டிக்கொள்ளும். குளிரில் தொடங்கிச் சூட்டில் முடிவது வேண்டாம்: லேசின் மேல் பாரம், பனிச்சரிவுக்கு அழைப்பு. கயிறு கட்டிய எல்லையைத் தாண்டாதீர்கள். பெரிய பனி நாளில் ஊசியிலை மரங்களின் அடியில் குழி இருக்கும், தலைகீழாக விழுந்தால் தனியாக எழ முடியாது. மனைவியும் நீங்களும் ஒருவரை ஒருவர் கண்ணில் வைத்துக்கொள்ளுங்கள்.

பூட்ஸ் வாடகைக்கு எடுத்தால் கடையிலேயே போட்டு நடந்து பாருங்கள். ஒரு கடையில் எனக்கு இரண்டு காலுக்கும் வேறு வேறு அளவு கொடுத்து அனுப்பினார்கள், மலையேறிய பிறகுதான் தெரிந்தது.

பர்னபி_அண்ணை
நவம்பர் 24, காலை 10:00

மேப்பிள் ஃபால்ஸில் பெற்றோல் அடியுங்கோ. செயின் காரில் இருக்கோணும். வெள்ளனவே வெளிக்கிடுங்கோ.

ரெட்மண்ட்காரன்
டிசம்பர் 15, இரவு 7:30

நேற்றுப் போய்விட்டு வந்தோம். வெள்ளி இரவு பனிப்பூனை அக்கா சொன்னபடி ஹெதர் மெடோஸைப் பார்த்தேன், எண் மெல்ல இறங்கிக்கொண்டிருந்தது. காலை நாலரைக்குக் கிளம்பினோம். பெல்லிங்ஹாமில் மழை. 542ஆம் நெடுஞ்சாலையில் திரும்பினோம், மழை. கிளேசியர் கிராமத்தில் காபி வாங்கினோம், அடைமழை. அம்மணி ஒன்றும் பேசவில்லை. பேசாமல் இருப்பது பேசுவதைவிட மோசம்.

அங்கிருந்து ரோடு ஏறத் தொடங்குகிறது. வைப்பர் ஒரு வீச்சில் தண்ணீர் தள்ளியது. கொஞ்சம் ஏறியதும் கண்ணாடியில் விழும் துளிகள் உடையாமல், கஞ்சி மாதிரி, வழுக்கிக் கீழே போயின. இரண்டு வளைவு தாண்டினோம், வைப்பரின் ஓரத்தில் வெள்ளையாக ஒரு கோடு சேர்ந்தது. 'இது என்ன' என்று அம்மணி கேட்டாள், மூன்று மணி நேரத்தில் முதல் வாக்கியம். அடுத்த வளைவில் மரங்களெல்லாம் வெள்ளை. சத்தமே போய்விட்டது. காரை ஓரமாக நிறுத்தி இறங்கிப் பார்த்தேன்: கீழே நாங்கள் வந்த ரோடு கறுப்பு, முன்னால் போகும் ரோடு வெள்ளை. நடுவில் கோடு போட்ட மாதிரி இருந்தது. போனில் உயரம் பார்த்தேன், 2,400 அடி.

பதினோரு முறை விழுந்தேன். அவள் நாலு.

தோசைக்கல்
டிசம்பர் 15, இரவு 7:44

அம்மணி இப்போது என்ன சொல்கிறார்?

ரெட்மண்ட்காரன்
டிசம்பர் 15, இரவு 8:01

லாப்டாப்பில் ஸ்னோ லெவல் பார்த்துக்கொண்டிருக்கிறாள். அடுத்த சனிக்கிழமைக்கு.